செத்த குருவியும் சாகாத கிளியும்

மேலிடத்தில் அமலோற்பவத்தின் கிளிகளை யாரும் சரியான பெயரில் அழைத்ததே இல்லை. அவள் சிட்டுக்கிளி என்று எழுதி அனுப்புவாள். போய்ச் சேர்வதற்குள் அது வெட்டுக்கிளி ஆகிவிடும். ஒரு வருடம், ‘சிட்டுக்கிளிகளின் நிலை கவலைக்குரியது, உடனடி நடவடிக்கை தேவை’ என்று எழுதினாள். உடனடி நடவடிக்கையாகப் பூம்பாறைக்கு ஒரு லாரி பூச்சிமருந்து வந்து இறங்கியது.

அப்படி ஒரு கிளி இருப்பதே கொடைக்கானலில் பாதிப் பேருக்குத் தெரியாது. சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். பச்சை உடம்பு, ஆரஞ்சு மூக்கு. வால் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. தூங்கும்போது வௌவால் மாதிரித் தலைகீழாகத் தொங்கும். விழித்திருக்கும் நேரமெல்லாம் கத்தும். அந்தக் கத்தலைக் கேட்ட யாரும் இன்னொரு தரம் கேட்க ஆசைப்பட்டதில்லை. பழனி மலையின் மேல்சோலைகளில் மட்டும் வாழ்ந்த இனம் அது. கிழட்டு மரங்களின் பொந்துகளில்தான் முட்டையிடும். மரங்கள் போகப் போகக் கிளிகளும் போயின. மிச்சமிருந்தவை பசிக்காகப் பேரிக்காய்த் தோட்டங்களில் இறங்கி வலையில் மாட்டின. இப்போது மொத்தமாக எண்ணினாலும் நாற்பது தேறாது. எல்லாம் வட்டச்சோலை என்ற ஒரே காட்டுத் துண்டில்.

அமலோற்பவம் கொடைக்கானல்காரி. பறவையியலில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு, சிநேகிதிகள் எல்லாம் வெளிநாடு போனபோது, இந்தக் கிளிகளுக்காக மலையிலேயே தங்கியவள். கணவர் அருளப்பன் மூஞ்சிக்கல்லில் பேக்கரி நடத்திவந்தார். தினமும் காலையில் அவள் வட்டச்சோலையின் ஓரத்தில் பழத்தட்டுடன் நின்று விசில் அடிப்பாள். குட்டையாக இரண்டு, அப்புறம் நீளமாக இறங்கும் ஒன்று. அடித்ததும் கிளிகள் மரங்களிலிருந்து சிதறிக்கொண்டு வந்து அவள் தலையிலும் தோளிலும் உட்கார்ந்து, தட்டில் இருப்பதைத் தின்றுவிட்டு, நன்றி சொல்வதுபோல் காதைக் கடித்துவிட்டுப் போகும். அப்படிச் சோலையிலேயே வயிறு நிறைத்துவிட்டால் தோட்டப் பக்கம் போகமாட்டா. அவளுடைய திட்டமே அவ்வளவுதான்.

சோலையோரம் அவள் வேலை பார்த்த ஓட்டுக் கட்டிடத்துக்கு எதிரே கண்ணாடியும் எஃகுமாக நின்றது மீட்டுயிர்ப்பு நிலையம். அதன் இயக்குநர் டாக்டர் ஜம்புலிங்கம். அறுபதை நெருங்கியவர், மப்ளரை ஒரு பொன்னாடைபோல் போர்த்திக்கொள்வார். அழிந்துபோன உயிர்களைத் திரும்ப உண்டாக்குவது அவர் தொழில். எங்கோ ஒரு அருங்காட்சியகத்தில் பஞ்சு அடைத்து வைத்திருந்த தோலிலிருந்து மரபணுவைச் சுரண்டி எடுத்து, அதற்கு நெருங்கிய வேறொரு பறவையின் முட்டைக்குள் ஏற்றி, நூறு வருடங்களுக்கு மேல் இல்லாதிருந்த மஞ்சுப்பாடியைப் பிறக்க வைத்துவிட்டார்.

மலையில் மஞ்சு என்கிற பனிமூட்டம் இறங்கும் நேரத்தில் பாடிய குருவி என்பதால் அந்தப் பெயர். சாம்பல் உடம்பு, கழுத்தில் மட்டும் இளநீலம். அது எப்படிப் பாடியது என்பதற்குப் பதிவு எதுவும் இல்லை. அந்தக் காலத்தில் கேட்டவர்களில் ஒருவர் புல்லாங்குழல் என்றார், இன்னொருவர் கொலுசு என்றார், மூன்றாமவர் எண்ணெய் போடாத வண்டிச் சக்கரம் என்றார். அதனாலேயே புகழ் கூடிவிட்டது. பள்ளிக்கூடங்களில் மஞ்சுப்பாடி ஓவியப் போட்டி நடந்தது. வத்தலக்குண்டில் ஒரு கடை மஞ்சுப்பாடி லட்டு போட்டது; அதில் நீலக் கலர் சேர்த்திருந்ததால் யாரும் வாங்கவில்லை என்பது வேறு விஷயம்.

“என் கிளி செஞ்ச ஒரே தப்பு, இன்னும் சாகாம இருக்கிறதுதான்” என்று அமலோற்பவம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அது ஜம்புலிங்கத்தின் காதுக்கும் போனது. அவர் பதிலுக்கு, ஒரு பறவைக்குக் கலையும் வேண்டும், சத்தம் மட்டும் போதாது என்று சொன்னதாக அவள் காதுக்கு வந்தது.

இருவருக்கும் உண்மையான சண்டை வட்டச்சோலையை வைத்துத்தான். மஞ்சுப்பாடியும் மரப்பொந்தில்தான் கூடு கட்டும். பொந்துள்ள கிழட்டு மரங்கள் அந்த ஒரு சோலையில்தான் மிச்சம். குருவியை அங்கே விட்டால் கிளிக்கு இடமில்லை. இருவரும் மாறி மாறிப் புகார் எழுதினார்கள். வனத்துறைச் சிறப்பு அதிகாரி மெஹருன்னிசாவின் மேஜையில் அவை குவிந்தன.

இந்த நேரத்தில்தான் மேலிடம் அனுப்பிய திட்ட ஆலோசகர் நிரஞ்சன் வந்து சேர்ந்தான். சின்ன வயது, நல்ல மரியாதை, எதற்கும் கோபப்படாத ஆள். மெஹருன்னிசாவின் அறையில் மூன்று பேரையும் உட்கார வைத்து அவன் ஒரு வழி சொன்னான். கிளிகள் ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் செல் எடுத்து உறைபெட்டியில் வைத்துவிடலாம். சோலையைக் குருவிக்குக் கொடுத்துவிடலாம். மக்கள் வந்து பார்க்க ஒரு ரோப்கார் போடலாம். பிற்காலத்தில் இடம் கிடைக்கும்போது ஜம்புலிங்கம் சார் கிளிகளைத் திரும்பப் பிறக்க வைப்பார்.

அதுவரைக்கும் கிளிகள் எங்கே போகும் என்று அமலோற்பவம் கேட்டாள்.

“அழியறதுங்கிறது இப்ப தற்காலிகம்தான் மேடம்” என்றான் நிரஞ்சன். “பேக்கப் இருக்கே.”

அமலோற்பவம் ஜம்புலிங்கத்தைப் பார்த்தாள். அவர் மப்ளரைச் சரிசெய்துகொண்டிருந்தார். தன் தொழில் இப்படி ஒரு வாக்கியமாக மாறும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. ஆனாலும் சோலை தன் பக்கம் வருகிறதே என்று வாயைத் திறக்கவில்லை.

மெஹருன்னிசா அவசரப்படுகிறவர் அல்ல. ஊர்க்காரர்களையும் வைத்துக்கொண்டு பொது விசாரணை நடத்தித்தான் முடிவெடுப்பேன் என்றார். அதற்கு ஒரு பருவம் அவகாசம். பிறகு ஒரு நிபந்தனை போட்டார்.

“உங்க உங்க பறவையைப் பத்தி நீங்க சொல்றதைக் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு. விசாரணையில அமலோற்பவம் குருவிக்காகப் பேசணும். டாக்டர் கிளிக்காகப் பேசணும். தெரியாம பேச முடியாதில்லையா? அதனால நாளைலேர்ந்து இடம் மாறிக்குங்க.”

இருவரும் ஒரே குரலில் மறுத்தார்கள். அவர்கள் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை. மெஹருன்னிசா டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

மீட்டுயிர்ப்பு நிலையத்தில் அமலோற்பவத்துக்குக் கொடுத்த முதல் பொருள் ஒரு ஜோடி கம்பளிக் காலுறை. பறவைக்கூடம் முழுக்கச் சத்தம் புகாத சுவர். உள்ளே யாரும் பேசக்கூடாது, தும்மக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. காரணத்தை ஜம்புலிங்கமே வாசலில் வைத்து விளக்கினார். பாடும் பறவைக் குஞ்சு எதைக் கேட்கிறதோ அதைப் படித்துக்கொள்ளும். வேறு பறவையின் பாட்டையோ மனிதச் சத்தத்தையோ படித்துவிட்டால் மஞ்சுப்பாடியின் சுத்தமான பாட்டு கெட்டுவிடும்.

“அப்ப அந்தச் சுத்தமான பாட்டை யார் சொல்லிக்கொடுப்பா?” என்று அவள் கேட்டாள்.

வளர்ந்ததும் தானாக வரும் என்று அவர் சொன்னார். பத்திரிகைகளுக்கும் மந்திரிக்கும் சொன்ன அதே பதில்தான். சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பாட்டு மரபணுவில் இல்லை, அப்பனிடமிருந்து மகன் கேட்டுப் படிப்பது என்று அவருக்குத் தெரியும். இந்தக் குஞ்சுகளின் அப்பன் பஞ்சடைத்த தோல் என்பதும் தெரியும். ஆனாலும் ஒரு நாள் எப்படியாவது பாடிவிடும் என்று உள்ளுக்குள் ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தார்.

அமலோற்பவம் அடுப்போடுகூடப் பேசுகிற பெண். அவளுக்கு அந்தக் கூடம் சிறையாக இருந்தது. கூண்டுகளில் குருவிகள் எண்களோடு உட்கார்ந்திருந்தன. சாப்பிட்டன, தூங்கின, கழுத்தைத் திருப்பின. ஒன்றை ஒன்று பார்க்கக்கூடத் தெரியவில்லை. மேலே பருந்துப் பொம்மையைக் காட்டினாலும் பயப்படத் தெரியவில்லை. ஒரு ஆண் குருவி அடிக்கடி வாயைத் திறந்து, எதையோ ஞாபகப்படுத்திப் பார்க்கிறதுபோல் நின்று, காற்று மட்டும் விட்டு மூடிக்கொண்டது. அவள் அதற்கு மௌனசாமி என்று பெயர் வைத்தாள். நாலைந்து வாரம் போனதும் அதன் கூண்டருகே அவள் கொஞ்சம் கூடுதலாக நிற்க ஆரம்பித்தாள். இவ்வளவு காலம் இந்தக் குருவியைத் திட்டியதற்காக மனசுக்குள் வருந்தினாள். அதன் தப்பு இதில் ஒன்றும் இல்லையே.

எதிர்க் கட்டிடத்தில் நிலைமை வேறு. முதல் நாள் கிளிகள் ஜம்புலிங்கத்தின் மப்ளரில் நூல் உருவின. இரண்டாம் நாள் மூக்குக்கண்ணாடியின் ஸ்குரூவைக் கழற்றிவிட்டன. விசில் அடித்தால் காற்றுதான் வந்தது. கிளிகள் மரத்தில் இருந்தபடியே தலைகீழாக அவரைப் பார்த்தன. கடைசியில் மானத்தை விட்டு அமலோற்பவத்தையே கேட்டார். அவள் மதிய உணவு நேரத்தில் வேலியோரம் நின்று அவருக்கு விசில் சொல்லிக்கொடுத்தாள். நாக்கை மடக்குங்க, அவ்வளவு உள்ளே இல்லை, கன்னத்தை உப்பாதீங்க என்று அவள் திருத்த, ஒரு விஞ்ஞானி சிவந்த முகத்துடன் ஊதிக்கொண்டிருப்பதைப் பூம்பாறை பஸ்ஸில் போனவர்கள் எல்லாம் பார்த்தார்கள். பழக்கம் வந்ததும் அவரால் நிறுத்த முடியவில்லை. குளிக்கும்போதும் அதையே அடித்தார்.

பிறகு அவர் கவனிக்க ஆரம்பித்தார். கத்தல் என்று நினைத்தது கத்தல் இல்லை என்று அவருக்குப் பட்டது. ஒலிப்பதிவுக் கருவியைக் கொண்டுவந்து பொந்துகளின் பக்கத்தில் வைத்து வாரக்கணக்கில் கேட்டார். ஒரு மதியம் வேலிக்கு ஓடிவந்து அமலோற்பவத்தைக் கூப்பிட்டார், மூச்சு வாங்கியது. தாய்க்கிளி ஒவ்வொரு குஞ்சையும் ஒரு தனிச் சத்தத்தில் கூப்பிடுகிறது என்றார். அந்தக் குஞ்சு வளர்ந்த பிறகும் மற்றக் கிளிகள் அதே சத்தத்தில்தான் அதைக் கூப்பிடுகின்றன. அதாவது பெயர். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருக்கிறது.

தனக்கும் அப்படி ஒரு சந்தேகம் இருந்தது, நிரூபிக்கக் கருவி இல்லை என்று அமலோற்பவம் சொன்னாள். அவர் கொஞ்சம் தயங்கினார்.

“எனக்கும் ஒண்ணு வெச்சிருக்கு” என்றார். “நான் வந்தா மட்டும் அதைச் சொல்லுதுங்க. க்ரிட்-டு-வீ. மூணு நாளாப் பார்த்துட்டேன், எனக்கு மட்டும்தான்.”

அதைச் சொன்னபோது அவர் முகம் எப்படி இருந்தது என்பதை அமலோற்பவம் அன்று சாயங்காலம் அருளப்பனிடம் நடித்துக் காட்டினாள்.

விசாரணைக்குச் சில வாரம் முன்னால் மௌனசாமி பாடியது.

குட்டையாக இரண்டு, நீளமாக இறங்கும் ஒன்று. காவலாளி அதைப் போனில் பிடித்துத் தன் மச்சானுக்கு அனுப்பினார். மச்சான் ஊருக்கு அனுப்பினார். மறுநாள் எல்லாச் சானலிலும் அதுதான். நூறு வருட மௌனம் கலைந்தது என்றார்கள். ஒரு சங்கீத நிபுணர் அது எந்த ராகத்தின் சாயல் என்று அரை மணி நேரம் பேசினார். மந்திரி போன் செய்தார். நிரஞ்சன் மாலையோடு வந்துவிட்டான். அவனுடைய கணக்கு இப்போது முழுசாகிவிட்டது: பாட்டுகூடச் செல்லுக்குள்ளேயே இருந்திருக்கிறது, செல் இருந்தால் எல்லாம் இருக்கிறது, ஆகவே கிளியைப் பெட்டியில் வைத்துவிட்டு நிம்மதியாகச் சோலையைத் திறக்கலாம். பொது விசாரணையைப் பொது விழாவாக மாற்றி, மேடையிலேயே குருவியைப் பாட வைக்க ஏற்பாடு செய்தான்.

அமலோற்பவம் செய்தியைப் பார்த்ததும் பேக்கரி ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கூடத்துக்குள் தீனி எடுத்துப் போகும்போதெல்லாம் பழக்கத்தில் அந்த விசில் வந்திருக்கிறது. மெதுவாகத்தான், மூச்சோடு மூச்சாகத்தான். ஒரு நாள் மௌனசாமி கழுத்தை நீட்டிக் கேட்பதைப் பார்த்துச் சட்டென்று நிறுத்தியும் இருந்தாள். அதற்குள் அது படித்துவிட்டது.

அன்று பின்மதியம் ஜம்புலிங்கத்தைப் பேக்கரிக்கு வரச் சொன்னாள். அருளப்பன் இரண்டு பேருக்கும் டீயும் வர்க்கி பிஸ்கட்டும் வைத்துவிட்டு உள்ளே போனார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் வர்க்கியை உதிர்த்துக்கொண்டே கேட்டார்.

“தெரியும்” என்றார். “முதல் தடவை கேட்டப்ப, ஒரு நொடி நிஜம்னே நெனச்சேன். முப்பது வருஷக் காத்திருப்பு இல்லையா? அடுத்த நொடி என் கை தானா பழத்தட்டை எடுக்கப் போயிடுச்சு. அப்பத்தான் புரிஞ்சது.”

என்ன செய்யப்போகிறார் என்று அவள் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் அவருடைய நிலையம் போகும், பெயர் போகும், தானாகப் பாடும் என்று இத்தனை வருடம் சொன்னதெல்லாம் பொய்யாகும். சொல்லாவிட்டால் அவளுடைய கிளிகள் போகும். அவளே மேடையில் சொல்லலாம். ஆனால் எதிர்க் கட்டிடத்துக்காரி பொறாமையில் உளறுகிறாள் என்றுதான் சொல்வார்கள். அவர் டீயை ஆறவிட்டுவிட்டு, நல்லா இருந்தது என்று அருளப்பனிடம் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

விழாவுக்கு வட்டச்சோலையின் முன்னால் இருந்த புல்வெளியில் பந்தல் போட்டார்கள். ரோப்காரின் மாதிரி ஒன்று பூ சுற்றி வைக்கப்பட்டிருந்தது. பூம்பாறைப் பூண்டு வியாபாரிகள், பேரிக்காய்த் தோட்டக்காரர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், கேமராக்கள் என்று ஊரே கூடியிருந்தது. துணி மூடிய கூண்டு மேடை நடுவில் இருந்தது. மெஹருன்னிசா விழாவெல்லாம் இருக்கட்டும், முதலில் விசாரணை என்று சொல்லி, அமலோற்பவத்தைக் குருவிக்காகப் பேச அழைத்தார்.

அவள் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. குருவி நன்றாகச் சாப்பிடுகிறது, யாரையும் கடிப்பதில்லை, தன் கிளிகளைவிட நல்ல குணம் என்று ஆரம்பித்தாள். சிரிப்பு வந்தது. பிறகு சொன்னாள்:

“அது ஒரு அநாதை. கூப்பிட்டது நாம. வந்து பார்த்தா அதுக்குன்னு யாரும் இல்ல. பருந்துக்குப் பயப்படச் சொல்லிக்கொடுக்கக்கூட ஆள் இல்ல. அதுக்கு ரோப்கார் வேணாம், ரசிகர்கள் வேணாம். அப்பன் ஆத்தா வேணும், அதை நம்மளால குடுக்க முடியாது. குடுக்க முடியாததை ஒத்துக்கிட்டு அதை நல்லா வெச்சுக்கணும். அதுக்காக இவ்வளவுதான் நான் கேட்கிறது.”

கைதட்டல் கொஞ்சம்தான் வந்தது. கூட்டம் பாட்டுக்காகக் காத்திருந்தது. நிரஞ்சன் துணியை விலக்கினான். மௌனசாமி முதல் தடவையாக வெயிலையும் வெளிக்காற்றையும் பார்த்தது. இறகைச் சிலுப்பியது. வாயைத் திறந்து, மைக் வழியாகப் புல்வெளி முழுக்கக் கேட்கும்படி பாடியது.

குட்டையாக இரண்டு, நீளமாக இறங்கும் ஒன்று.

அடுத்த கணம் சோலைக்குள்ளிருந்து அத்தனை சிட்டுக்கிளிகளும் கிளம்பி வந்தன. கத்திக்கொண்டே வந்து கூண்டின்மேல் உட்கார்ந்தன, மைக்கின்மேல் உட்கார்ந்தன, மந்திரி அனுப்பிய மாலையைப் பிய்த்துப் பார்த்தன. ஒன்று நிரஞ்சனின் தலையில் இறங்கிப் பழம் எங்கே என்று முடியைக் கிளறியது. பேரிக்காய்த் தோட்டக்காரர்கள் பழக்கதோஷத்தில் கையை வீசி விரட்டினார்கள். பிள்ளைகள் நாற்காலிமேல் ஏறிக் குதித்தார்கள். மௌனசாமி பயந்துபோய், பயத்தில் இன்னும் பலமாகப் பாடியது. கிளிகள் இன்னும் நெருங்கின.

நிரஞ்சன் பாவம், கெட்டிக்காரன். தலையில் கிளியோடு மைக்கைப் பிடித்துக்கொண்டான். பாருங்கள், இந்தப் பாட்டுக்குக் காட்டுப் பறவைகளே ஓடிவருகின்றன, இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும் என்றான். கூட்டம் எழுந்து கைதட்டியது. சிலர் கும்பிடக்கூடச் செய்தார்கள்.

ஜம்புலிங்கம் வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலே போதும். அந்தக் கைதட்டலிலேயே எல்லாம் முடிந்திருக்கும். அவர் எழுந்து மைக்கிடம் போனார். அவரைப் பார்த்ததும் ஒரு கிளி க்ரிட்-டு-வீ என்றது. அவர் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் பேசினார்.

“இது மஞ்சுப்பாடியோட பாட்டு இல்ல. அமலோற்பவம் மேடம் கிளிக்குச் சாப்பாடு போட அடிக்கிற விசில். குருவி அதைக் கேட்டுப் படிச்சிருக்கு. கிளிங்க பாட்டுக் கேட்க வரல, பழம் திங்க வந்திருக்கு.”

பந்தல் அடங்கிவிட்டது. கிளிகள் மட்டும் அடங்கவில்லை. அவர் விசில் அடித்துக் காட்டினார். கூண்டின்மேல் இருந்தவை எல்லாம் அவர் தோளுக்கு மாறின.

மஞ்சுப்பாடியின் பாட்டு செல்லில் இல்லை என்று தனக்கு எப்போதும் தெரியும் என்றார். தானாக வரும் என்று சொன்னது பொய். கடைசி மஞ்சுப்பாடி செத்த அன்றே அந்தப் பாட்டும் போய்விட்டது. தோலிலிருந்து அவரால் கொண்டுவர முடிந்தது உடம்பு மட்டும்தான்.

“என்னைக் கிளிக்காகப் பேசச் சொன்னாங்க” என்று முடித்தார். “இதுங்களுக்குப் பேர் உண்டு. அம்மா வெச்ச பேர். எனக்கே ஒண்ணு வெச்சிருக்கு. நாளைக்கு உறைபெட்டிலேர்ந்து ஒரு கிளியை நான் எடுத்துக் குடுத்தா, அதுக்கு யார் பேர் வைப்பா? என்னால முடியாது. எனக்கு அந்த பாஷை தெரியாது.”

நிரஞ்சன் தலையிலிருந்த கிளியை மெதுவாக எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். அதை என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. மெஹருன்னிசாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். அவர் அதைக் கூட்டம் முடியும்வரை மடியிலேயே வைத்திருந்தார் என்று ஊரில் இன்றும் சொல்கிறார்கள்.

முடிவு இப்படி வந்தது. வட்டச்சோலை சிட்டுக்கிளிகளுக்கே என்று ஆனது. உறைபெட்டித் திட்டம் நின்றது. ரோப்காரின் மாதிரியைப் பள்ளிக்கூடம் கேட்டு வாங்கிக்கொண்டது. ஜம்புலிங்கத்தைத் தொலைக்காட்சியில் ஒரு வாரம் கிழித்தார்கள். இயக்குநர் பதவி போனது. இனி அங்கே புதிதாக எதையும் பிறக்க வைக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. இருக்கும் குருவிகளைச் சோலையோரம் பெரிய வலைக்கூடத்தில் வைத்து அமலோற்பவம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு உதவியாளரை வைத்துக்கொள்ளலாம். யாரை வைக்கலாம் என்று மெஹருன்னிசா கேட்டபோது, விசில் அடிக்கத் தெரிந்தவராக ஒருவர் வேலையில்லாமல் இருக்கிறார் என்று அமலோற்பவம் சொன்னாள்.

உதவியாளராக அவர் வந்து சேர்ந்த முதல் நாள், வருகைப் பதிவில் கையெழுத்துப் போடச் சொன்னாள். கையெழுத்தை மட்டும் அவர் இயக்குநர் அளவிலேயே போட்டார். சின்ன இடத்தில் போடப் பழக அவருக்குக் கொஞ்சம் நாளாயிற்று. சில நாள் எதிர்க் கட்டிடத்தின் பூட்டிய கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அப்போது அவள் அவரோடு பேசமாட்டாள். கொஞ்ச நேரம் கழித்து ஏதாவது வேலைக்குக் கூப்பிடுவாள்.

சத்தம் போடக்கூடாது என்ற சட்டத்தைத் தூக்கிவிட்டதால் குருவிகள் சீக்கிரமே மாறின. மழையைக் கேட்டன, காற்றைக் கேட்டன. கிளிகள் கத்தினால் பருந்து வந்திருக்கிறது என்று புரிந்துகொண்டு பதுங்கக் கற்றன. மௌனசாமிக்கு ஜோடி சேர்ந்தது. பெட்டிக் கூட்டில் குஞ்சு பொரித்தது, பெற்றவர்களே வளர்த்தார்கள். அந்த வகையில் நூறு வருடத்தில் அப்பன் ஆத்தாவோடு வளர்ந்த முதல் மஞ்சுப்பாடி அதுதான்.

அடுத்த வருடம், ஐப்பசி மழை விட்டு மஞ்சு இறங்கிய ஒரு காலையில், இருவரும் கூடத்துக்கு வெளியே தீனித் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். உள்ளே மகன் குருவி பாட ஆரம்பித்தது. குட்டையாக இரண்டு. அப்பன் பாட்டுதானே என்று அமலோற்பவம் கழுவிக்கொண்டே இருந்தாள். மூன்றாவது, நீளமாக இறங்க வேண்டியது, இறங்கவில்லை. பாதியில் வளைந்து, உடைந்து, சின்னச் சின்னதாக மேலேறி எங்கோ போனது. அவளுக்குத் தெரிந்த எந்தச் சத்தமும் அதில் இல்லை. கிளி இல்லை, மழை இல்லை, அவள் இல்லை.

ஜம்புலிங்கம் கையில் தட்டோடு நின்றுவிட்டார்.

“யார் சொல்லிக்குடுத்தது?” என்று அவள் மெல்லக் கேட்டாள்.

யாரும் இல்லை என்று அவர் தலையாட்டினார். பிறகு, இப்படி நடப்பதுண்டு என்று தாழ்ந்த குரலில் சொன்னார். தப்பான பாட்டைக் கேட்டு வளர்ந்த குருவியின் மகன், அதைத் தன் தொண்டைக்கு ஏற்றமாதிரி கொஞ்சம் தள்ளும். பேரன் இன்னும் கொஞ்சம் தள்ளும். உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்.

“அப்ப இது பழைய பாட்டா?”

“தெரியல.”

“புதுசா?”

“தெரியலம்மா. பழசைக் கேட்டவங்க யாரும் இப்ப இல்லையே, போய்க் கேக்கிறதுக்கு.” அவர் தட்டைக் கீழே வைத்தார். “ஆனா இது அதோடது. உன்னோடதும் இல்ல, என்னோடதும் இல்ல.”

உள்ளே பாட்டு இன்னும் போய்க்கொண்டிருந்தது. அது எங்கே போய் முடிகிறது என்று இருவரும் வலையில் காதை வைத்தார்கள். அந்த நேரம் பார்த்து, தீனி தாமதமானதைப் பொறுக்காமல், வட்டச்சோலைக் கிளிகள் மொத்தமாகக் கூரைமேல் வந்து இறங்கிக் கத்த ஆரம்பித்தன. பாட்டின் கடைசிப் பகுதி இருவருக்கும் கேட்கவில்லை.

ஜம்புலிங்கம் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். அமலோற்பவம் இன்னொன்றைக் கவிழ்த்தாள். இன்னொரு தரம் பாடாமலா போகும் என்று காத்திருந்தார்கள்.